குட்டைக்கரையில் ஒரு ஜோடி

சிவப்பு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பது வெறும் ஒரு ஜோடி செருப்பு என்று ஜெர்சனுக்குத் தெரியும். இருந்தாலும் அதன் பக்கத்தில் போய் நிற்க அவன் கால்கள் சம்மதிக்கவில்லை. செருப்புக்கு அந்தப் பக்கம் குட்டை இருந்தது.

சும்மா குட்டை இல்லை. பேரணாம்பட்டு ரோட்டில் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு வெட்டிய பள்ளம். போர்வெல் வற்றிப் போனதால் நாலு வருஷத்துக்கு முன்னால் மஹபூப் பாஷா வெட்டியது. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடக் கூடாதென்று அடியிலிருந்து கரை வரைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தார். ஷீட்டின் மேல் பாசி. விழுந்தவனுக்குப் பிடிக்க ஒரு வேர் கிடையாது, ஊன்ற ஒரு கல் கிடையாது. முதல் வருஷமே இரண்டு ஆடுகள் போயின. அதற்கப்புறம்தான் நாலு பக்கமும் கயிற்றில் பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிட்டார்களாம்.

ஒன்பது வயதில் கலவை ஊரில் ஒரு கிணற்றுக்குள் விழுந்து, தலைமுடியைப் பிடித்துத் தூக்கப்பட்டவன் ஜெர்சன். அன்றிலிருந்து அவனுக்குப் பக்கெட் குளியல்தான். பயம் வந்தால் அவனுக்கு வாய் நீளும். இன்றைக்கு சத்துவாச்சாரியில் கார் ஏறியதிலிருந்தே நீண்டுகொண்டிருந்தது.

"மேடம், நான் கார்லயே இருந்து மூளையால உதவி பண்றேனே?"

"இல்லாததை எல்லாம் சொல்லாத. வா" என்றார் தேவகிருபை.

பாகாயம் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் ரெக்கார்டு செக்‌ஷனில் இருந்துவிட்டு, இப்போது ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஏஜென்சி நடத்துபவர். ஜெர்சன் அங்கே அவருக்கு உதவியாள். விபத்துக் கேஸ்களுக்கு அலைந்த போலீஸ்காரர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். அதனால்தான் எஸ்.ஐ. ஃபீபி அவரைத் தடுக்காமல் கரைக்கு விட்டிருந்தாள்.

தென்னை மரத்தடியில் மஹபூப் பாஷா உட்கார்ந்திருந்தார். காலை ஏழு மணிக்கு ஏஜென்சிக்கு போன் செய்து, பேச முடியாமல் போனிலேயே அழுதவர் அவர்தான்.

"எங்க வீட்ல ஒரு பழக்கம்மா. மீனுக்குத் தீனி போட யார் போனாலும் கரையில செருப்பைக் கழட்டி வச்சிட்டுத்தான் ஷீட்டுகிட்ட போவணும். கரையில செருப்பு கிடந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். இன்னைக்குக் காலைல செருப்பு இருக்கு. என் புள்ள ஹம்மாத் இல்லம்மா."

"தானா விழுந்திருப்பாருன்னு நினைக்கிறீங்களா?"

"நாலு வருஷமா இந்தக் குட்டையோட குடித்தனம் பண்றோம். தூக்கத்துலகூட என் புள்ள வழுக்க மாட்டான். தள்ளி விட்டிருக்காங்க." அவர் எதிர்க்கரையைக் காட்டினார். "அதோ நிக்கிறானே, அவன்."

எதிர்க்கரையில் பெரிய டீசல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் வாட்டசாட்டமாக ஒருவர், கையில் தேங்காய் பறிக்கும் தொரட்டியோடு நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கார் அகமது. ஷூ கம்பெனி பேக்கிங் டேபிளில் இருபது வருஷம் நின்றவர். இன்று தோல் கம்பெனிகளின் கழிவு அள்ளும் ஆறு டேங்கர் லாரிகளுக்கு முதலாளி. 'பெட்டி கட்டின கைப்பா இது' என்று எல்லாரிடமும் கையை நீட்டிக் காட்டுவது அவர் வழக்கம். போன வருஷம் அவருடைய டேங்கர் ஒன்றைக் கழுவ உள்ளே இறக்கிய இரண்டு பேர் விஷவாயுவில் செத்துப்போனார்கள். தானாக இறங்கினார்கள் என்றார் வக்கார். அவர்தான் அதட்டி இறக்கினார் என்று சொல்ல ஒரே ஒரு சாட்சி, அப்போது அங்கே இருந்த தோல் கம்பெனி சூப்பர்வைசர் ஹம்மாத். நாளைக்குக் காலை பதினொரு மணிக்கு வேலூர் கோர்ட்டில் சாட்சி.

"பத்து நாளைக்கு முன்னாடி போன்ல மிரட்டினான்மா. கோர்ட்டு ஏறினா உங்க குட்டையிலயே மிதப்பன்னு."

"கம்ப்ளெய்ன்ட் இருக்கு மேடம்" என்றாள் ஃபீபி. "ஆனா நேத்து ராத்திரி வீட்ல தூங்குனேன்றாரு. கையில ஒண்ணும் இல்லாம எப்படித் தூக்குறது? ஃபயர் சர்வீஸ் கொக்கி போட்டுத் துழாவிப் பார்த்துட்டாங்க, கிடைக்கலை. ஒன்பது மணிக்கு வக்காரே மோட்டாரோட வந்து நின்னாரு. இவ்ளோ பெரிய மோட்டார் இந்தப் பக்கம் வேற யார்கிட்டயும் இல்ல. மூணு மணிக்கெல்லாம் அடி தெரிஞ்சிடும்."

ஃபீபி செங்கல்லை எடுத்துவிட்டுப் பேசினைத் தூக்கினாள். "நான்தான் ஏழரைக்கு போட்டோ எடுத்து மூடி வச்சேன். அதுக்கப்புறம் யாரும் பார்க்கலை."

பழுப்பு நிறத் தோல் செருப்பு. தேவகிருபை குனிந்தார். ஜெர்சன் இரண்டடி தள்ளி நின்றே எட்டிப் பார்த்தான். பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னா மேடம் இது, சண்டை போட்டுட்டுத் திரும்பிப் படுத்த புருஷன் பொண்டாட்டி மாதிரி? ஒண்ணு குட்டையைப் பார்க்குது, ஒண்ணு வீட்டைப் பார்க்குது."

தேவகிருபை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஜெர்சனுக்குத் தெரியும். அவன் தெரியாத்தனமாக ஏதோ உருப்படியாகச் சொல்லிவிட்டான் என்று அர்த்தம்.

ஃபீபிக்கு போன் வந்தது. பேசினை மறுபடி மூடிச் செங்கல்லை வைத்துவிட்டு, பேசிக்கொண்டே தள்ளிப் போனாள்.

"உன் செருப்பைக் கழட்டு" என்றார் தேவகிருபை மெதுவாக.

ஜெர்சன் உதறிவிட்டு விலகி நின்றான். இரண்டும் கொஞ்சம் கோணலாக, ஆனால் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன.

"காலால கழட்டினா இப்படித்தான் கிடக்கும். குடிச்சிட்டு வந்து கழட்டினாலும் ரெண்டு முனையும் ஏறக்குறைய ஒரே பக்கம்தான் பார்க்கும். ஒண்ணோட முனை இன்னொண்ணோட குதிகால் பக்கம், இவ்ளோ நெருக்கமா, இவ்ளோ சுத்தமா வர்றதுன்னா, அது காலால கழட்டினது இல்லடா. கையால வச்சது. காலைல ஆம்பூர்ல இறங்கி வாங்கினியே, அந்தப் பெட்டியை எடுத்துட்டு வா."

ஏற்றுமதியில் கழித்ததை விற்கும் எக்ஸ்போர்ட் செகண்ட்ஸ் கடையில் ஜெர்சன் ஆசை ஆசையாக வாங்கிய கறுப்பு ஷூ அது. எட்டாம் நம்பர். அவர் மூடியைத் திறந்து, டிஷ்யூ பேப்பரை விலக்கினார். உள்ளே இரண்டு ஷூக்களும் தலைமாடும் கால்மாடுமாக மாறிப் படுத்திருந்தன. ஒன்றின் முனை, மற்றதன் குதிகால்.

ஜெர்சன் எதிர்க்கரையைப் பார்த்தான். "பேக்கிங் செக்‌ஷன் ஆளு! மேடம், அப்போ அந்த வக்கார்தான்..."

"வாயை மூடு. என்ன நடந்தாலும் ஊரே இவன்தான் காரணம்னு சொல்ற ஆளு, கொன்னுட்டு, செருப்பை அழகா அடுக்கி வச்சிட்டுப் போவானா? தெரியலை. முதல்ல வீட்டைப் பார்க்கலாம்."

வீட்டு வாசலில் துக்கம் விசாரிக்க வந்தவர்களின் செருப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாம் கோணல்மாணலாக வீட்டைப் பார்த்தபடி. பின்பக்கம் சமையலறைக் கதவோரம் ஒரு இரும்பு ஷெல்ஃபில் வீட்டுச் செருப்புகள் நாலு வரிசை அடுக்கப்பட்டிருந்தன. தேவகிருபை அதன் எதிரில் நின்றுவிட்டார். ஜெர்சன் எண்ணினான். ஒன்பது ஜோடி. ஒன்பதும் தலைமாடு கால்மாடு.

உள்ளே ஹம்மாதின் மனைவி புஷ்ரா அடுப்படியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். கண்கள் சிவந்திருந்தன.

"இந்த ஷெல்ஃபை யாரும்மா அடுக்குறது?"

"நான்தான் மேடம்."

"எந்த கம்பெனில பேக்கிங்ல இருந்த?"

புஷ்ராவின் கையிலிருந்த கரண்டி நின்றது. "நான் கம்பெனிக்கே போனதில்லையே. வெளிய உட்கார்ந்திருக்காரே மாமா, அவர்கிட்ட வேணா கேளுங்க."

"நீ போவாம இருக்கலாம். உன் கை போயிருக்கேம்மா."

புஷ்ரா கதவைச் சாத்தினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் பேசியது ஜெர்சனுக்குப் பாதி காதில் விழுந்தது, பாதியை அவள் உதட்டிலிருந்து படித்தான்.

"ராணிப்பேட்டைல நாலு வருஷம். கல்யாணத்துக்கு முன்னாடி. பொண்ணு கம்பெனிக்குப் போனான்னு தெரிஞ்சா நல்லாருக்காதுன்னு மாமா யாருக்கும் சொல்லலை. எங்க சொந்தத்துலயே தெரியாது." மூச்சு வாங்கினாள். "அவரு சாவலை மேடம். விடிகாலைல பால் வண்டில ஏத்தி அனுப்பிட்டேன். பாகாயத்துல எங்க அக்கா வீட்டு மாடியில இருக்காரு. நாலு நாளா ரோட்ல ஒரு பைக் நின்னுட்டே இருந்துச்சு. யாரை நம்புறதுன்னே தெரியலை. நாளைக்குப் பதினொரு மணி வரைக்கும் செத்தவரா இருந்தாப் போதும்னு நானே செருப்பைக் கொண்டு போய் வச்சேன்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவருக்கு நடிக்க வராது மேடம். அவரு அழுதாருன்னுதான் எல்லாரும் நம்பினாங்க." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. "மோட்டார் கொண்டாந்து வச்சு இறைப்பாங்கன்னு நான் யோசிக்கவே இல்லை."

ஜெர்சன் மணி பார்த்தான். காலையிலிருந்து அந்தக் குட்டையில் எந்த நிமிஷம் ஒரு உடம்பு மிதக்குமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தான். இப்போது மிதக்காதே என்று பயமாக இருந்தது. மூணு மணிக்கு அடி தெரியும். அடியில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம் வக்கார் அகமதுவுக்குத் தெரிந்துவிடும், சாட்சி உயிரோடு இருக்கிறான் என்று. அதற்கப்புறம் நாளைக்குப் பதினொரு மணி வருவதற்குள் ஒரு முழு ராத்திரி இருக்கிறது.

"முதல்ல அந்த ஷெல்ஃபைக் கலைச்சு வை" என்றார் தேவகிருபை. "இந்த ஊர்ல அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க ஜாஸ்தி."

புஷ்ரா எழுந்து கதவைத் திறந்தாள். படிக்கட்டில் வக்கார் அகமது நின்றுகொண்டிருந்தார்.

எத்தனை நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. ஜெர்சன் நகர்ந்து ஷெல்ஃபுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அவ்வளவு பயத்திலும் அது எப்படித் தோன்றியது என்று அவனுக்கே ஆச்சரியம்.

"தண்ணி குடிக்க வந்தேன் பேட்டி" என்றார் வக்கார், உருதுவில் மகளே என்று அழைத்து, மிகவும் கனிவாக. சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். "தைரியமா இரு. பாதி இறங்கிடுச்சு. இருந்தா கிடைச்சிடுவான்."

இருந்தா. அந்த ஒரு வார்த்தையை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னதாக ஜெர்சனுக்குப் பட்டது. சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தவர், பத்தடி போனதும் போனை எடுத்தார். காற்று இந்தப் பக்கம் அடித்தது.

"நாலு பேரை ரெடியா வை. இங்க இல்லைன்னா அவளோட சொந்தக்காரங்க வீடு ஒண்ணு விடாமப் பார்க்கணும். ஆமா, பாகாயமும்தான்."

புஷ்ரா ஷெல்ஃபில் இருந்த செருப்புகளைக் கலைத்துப் போட ஆரம்பித்தாள்.

தேவகிருபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயந்தால் அவர் செய்வது அதுதான் என்று ஜெர்சனுக்கு ஐந்து வருஷ அனுபவம். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டபோது முகம் மாறியிருந்தது.

"ஜெர்சன், அந்தச் செருப்பு தண்ணில விழணும். வக்கார் அதைக் கையால எடுக்கணும்."

"எதுக்கு மேடம்?"

"விளக்க நேரமில்லை. எப்படித் தள்ளுவியோ உன் இஷ்டம்."

"எனக்கு நீச்சல் தெரியாது!"

"உன்னை விழச் சொல்லலையேடா. செருப்பைத்தான்."

கரைக்குத் திரும்பியபோது தண்ணீர் ஏழெட்டு அடி இறங்கியிருந்தது. வெளியே வந்த ஷீட் வெயிலில் கறுப்பாக மினுமினுத்தது. ஃபீபி எதிர்க்கரையில் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கார் தொரட்டியோடு இந்தக் கரையில், ஒரு கான்ஸ்டபிளின் பக்கத்தில் நின்றிருந்தார். பேசினை ஒட்டி, குட்டை விளிம்போரமாக நிற்க வேண்டும், தற்செயலாகக் கால் இடற வேண்டும், அவ்வளவுதான். ஜெர்சன் மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே நடந்தான். செங்கல்லை உதைத்தான். பேசின் பறந்தது. செருப்பு இரண்டும் சரிந்து ஷீட்டில் வழுக்கித் தண்ணீருக்குள் போயின. அப்பாடா என்று பின்வாங்க ஒரு காலை எடுத்து வைத்தான். வைத்த இடம் கரை இல்லை, ஷீட்.

கத்தக்கூட நேரம் கிடைக்கவில்லை. முதுகு, தலை, எல்லாம் ஒரே வழுக்கலில் போயின. தண்ணீர் காதுக்குள் மூடியது. பச்சையாக, இளஞ்சூடாக, மீன் வாடையோடு. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மேலே வந்து ஷீட்டை விரலால் பிறாண்டினான். பாசி மட்டும் நகத்தில் வந்தது. டயர் கயிறு இரண்டு ஆள் தூரத்தில் தொங்கியது. இரண்டாவது தடவை மூழ்கும்போது, கலவைக் கிணற்றுக்குள் தெரிந்த அதே வட்டமான வெளிச்சம் தெரிந்தது. அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தான். தண்ணீர்தான் உள்ளே போனது.

தலைக்கு மேல் ஏதோ தட்டியது. மூங்கில். தொரட்டிக் கழி. கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"விடாத தம்பி! கெட்டியாப் புடி!"

வக்கார் அகமது கரையில் குப்புறப் படுத்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் காலை ஒரு கான்ஸ்டபிள் பிடித்திருந்தார். ஜெர்சனைக் கரையில் போட்டபோது அவன் இருமிய இருமலில் ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு?" ஓடிவந்த ஃபீபி கத்தினாள். "இருந்த ஒரே தடயம்! செருப்பு போச்சு!"

"போவல மேடம், அதோ மிதக்குது" என்றார் வக்கார். ஆளைக் காப்பாற்றிய உற்சாகம் அவர் முகத்தில் தெரிந்தது. தொரட்டியை நீட்டி ஒரு செருப்பை இழுத்தார். இன்னொன்றையும் இழுத்தார். இரண்டையும் கையில் எடுத்து உதறி, சட்டை முனையால் ஒரு துடை துடைத்து, ஃபீபியின் காலடியில் கரைமேல் வைத்தார்.

தேவகிருபை குனிந்தார். செருப்பைப் பார்த்தார். பிறகு ஃபீபியைப் பார்த்தார். ஃபீபியும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று குட்டையைப் பார்த்தது. ஒன்று வீட்டைப் பார்த்தது.

"காலைல எடுத்த போட்டோவைக் கொஞ்சம் காட்டும்மா" என்றார் தேவகிருபை.

ஃபீபி போனை எடுத்தாள். போட்டோவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள். "வக்கார் பாய், இந்தச் செருப்பை இதுக்கு முன்னாடி பார்த்திருக்கீங்களா?"

"எங்க பார்த்தேன்? நான் வரும்போது பேசின் மூடியிருந்துச்சே."

ஃபீபி போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். வக்கார் அகமது குனிந்து பார்த்தார். ஜெர்சனுக்கு அந்த முகம் அப்புறம் பல நாள் மறக்கவில்லை. முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிறகு அவர் தன் இரண்டு கைகளையும் யாரோ ஒருவருடைய கைகளைப் போலப் பார்த்தார்.

"இது பழக்கம் மேடம்! இருபது வருஷப் பழக்கம், கை தானா வைக்குது!"

"அதேதான் பாய்" என்றார் தேவகிருபை. "காலைலயும் ஏதோ ஒரு கை தானா வச்சிருக்கு."

"ஆம்பூர்ல பெட்டி கட்டற கை ஆயிரம் இருக்கு!"

"இருக்கலாம்" என்றாள் ஃபீபி. "உங்க குட்டையிலயே மிதப்பன்னு போன்ல சொன்ன வாய் ஒண்ணுதான் இருக்கு. போனைக் குடுங்க. வண்டில ஏறுங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பேச நிறைய இருக்கு."

அவர் கத்தினார், யார் யார் பெயரையோ சொன்னார். ஜீப் கதவைச் சாத்தும் முன்னால் ஜெர்சனைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, நான் இல்லைன்னா நீ இந்நேரம் செத்திருப்ப. ஞாபகம் வச்சுக்கோ."

ஜீப் தென்னைகளுக்கு நடுவே மறைந்தது. ஜெர்சன் ஈரச் சட்டையைப் பிழிந்தான்.

"நெசம்தான் மேடம். அந்த ஆளுதான் என்னைத் தூக்கினான். நாம அவனை..."

"நான் ஒரு பொய்யும் சொல்லலை. போட்டோவைக் காட்டச் சொன்னேன், அவ்ளோதான். நாளைக்கு ஹம்மாத் கோர்ட் ஏறினதும் நானே ஃபீபிகிட்ட போய் நின்னு திட்டு வாங்கிக்கிறேன்." தேவகிருபை தன் துப்பட்டாவை எடுத்து அவன் தலையைத் துவட்டினார். "உனக்குக் கழி நீட்டினான், வாஸ்தவம். போலீஸ் பார்த்துட்டிருந்துச்சு. டேங்கருக்குள்ள இறங்கின ரெண்டு பேருக்கு இடுப்புல ஒரு கயிறு கட்டியிருந்தா அவங்களும் இந்நேரம் உன்னை மாதிரி இருமிட்டு உட்கார்ந்திருப்பாங்கடா."



மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஃபீபி காவலுக்கு விட்டுப் போன கான்ஸ்டபிள் அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் மஹபூப் பாஷா குட்டை விளிம்பில் உட்கார்ந்து, இறங்கும் தண்ணீரைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் மகஜர் எழுதத் தடயமாக வைத்திருந்த ஈரச் செருப்பை, யாரும் தடுக்காததால், மடியில் எடுத்து வைத்திருந்தார்.

புஷ்ரா அவர் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். காதோடு காதாக ஏதோ சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள்.

கிழவரின் கை ஓங்கியது. புஷ்ரா நகரவில்லை, அடி விழட்டும் என்றுதான் கண்ணை மூடிக்கொண்டாள். கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு இறங்கி, மடியிலிருந்த செருப்பைத் தடவியது. அவர் குரல் கான்ஸ்டபிளுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாகத்தான் வந்தது. ஜெர்சனுக்குக் கேட்டது.

"அப்போ, வெறுங்காலோடயா போனான்?"

புஷ்ரா தலையாட்டினாள். அவ்வளவு நேரம் அழுததெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல் அவர் அப்போது அழுதார்.

ஜெர்சன் எழுந்தான். தண்ணீரின் பக்கம் பார்க்காமல், விளிம்பை விட்டு நாலடி தள்ளி, சுற்றிக்கொண்டு போய், தன் ஷூ பெட்டியை எடுத்து வந்து புஷ்ராவின் பக்கத்தில் குனிந்தான்.

"எட்டாம் நம்பர் பத்துமா அக்கா? திரும்பிப் போறப்ப பாகாயம் வழியாதான் போறோம்."